குடல் சத்தை உறிஞ்சுவது எப்படி? – செல்லின் சட்டகமும் குடற்புழு மருந்தும்

உழவர் பெருமக்கள் கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி தீவனத்துக்கே போகிறது. பிண்ணாக்கு, தவிடு, பசுந்தீவனம் எல்லாம் குறைவில்லாமல் கொடுத்தும் சில ஆடுகள் தேறுவதில்லை. சில கன்றுகள் நாளுக்கு நாள் மெலிகின்றன. தீவனம் வாய்க்குள் போனால் மட்டும் போதாது. அதிலுள்ள சத்து குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் சேரவேண்டும். சேராத சத்து சாணத்தோடு எருக்குழிக்குப் போய்விடும். சத்து குடற்சுவரைக் கடப்பது எப்படி, அதைத் தடுப்பவை எவை, நாம் வாங்கிக் கொடுக்கும் குடற்புழு மருந்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

குடலின் உட்பரப்பு

வளர்ந்த மாட்டின் சிறுகுடல் சுமார் 40 மீட்டர் நீளமுள்ளது. மனிதனுக்கு அது சுமார் 6 மீட்டர். இதன் உட்புறம் ரப்பர் குழாய் போல வழவழப்பாக இருப்பதில்லை. பூந்துவாலையில் நூல் முடிச்சுகள் எழும்பி நிற்பதுபோல, குடற்சுவர் முழுவதும் சிறு முளைகள் நெருக்கமாக நிற்கின்றன. இவை குடலுறிஞ்சிகள் எனப்படும். இவற்றின் உயரம் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும்.

ஒவ்வொரு குடலுறிஞ்சியின் மேலும் ஓர் அடுக்குச் செல்கள் போர்த்தியுள்ளன. அந்தச் செல் ஒன்றை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், உணவு வரும் பக்கத்தில் ஆயிரக்கணக்கான நுண்ணிய விரல்கள் நிற்பது தெரியும். தூரிகையின் மயிர்க்கற்றை போல ஒரே உயரத்தில் அவை நிற்கும். இவற்றை நுண்ணுறிஞ்சிகள் என்போம். ஒரு நுண்ணுறிஞ்சியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆயினும் இவற்றால் செல்லின் உறிஞ்சும் பரப்பு பன்மடங்கு பெருகுகிறது. வளர்ந்த மனிதனின் குடலின் உட்பரப்பைக் கணக்கிட்டால் சுமார் 30 சதுர மீட்டர் வருகிறது. ஓர் ஆளின் வயிற்றுக்குள் ஒரு சிறு வீட்டின் தரையளவு பரப்பு மடிந்து கிடக்கிறது எனலாம்.

செல்லுக்கும் உண்டு சட்டகம்

பந்தலுக்குக் கால்கள் வேண்டும். கூரைக்கு விட்டம் வேண்டும். அதுபோலச் செல்லுக்கும் ஒரு சட்டகம் உண்டு. விஞ்ஞானிகள் இதனைச் சைட்டோஸ்கெலிடன் என்பார்கள். இதில் மூவகை இழைகள் உள்ளன. மூன்றும் புரதத்தால் ஆனவை.

முதல்வகை ஆக்டின் இழைகள். இவை மிக மெல்லியவை. 1942இல் ஹங்கேரி நாட்டில் ஸ்ட்ராப் என்பவர் தசையிலிருந்து ஆக்டினைப் பிரித்தெடுத்தார். பின்னர் அது தசையில் மட்டுமன்றி ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் உள்ளது எனத் தெரிந்தது. இரண்டாம்வகை, கயிறு போல முறுக்கிய இடைநிலை இழைகள். இவை செல்லுக்கு உறுதி தருகின்றன. மூன்றாம்வகை நுண்குழல்கள். டியூபுலின் என்ற புரதத்தின் சிறு மணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இக்குழல்கள் உண்டாகின்றன. தேவைக்கேற்பக் கட்டப்படுவதும் கலைக்கப்படுவதும் இக்குழல்களின் இயல்பு.

இவை செய்யும் வேலையை விளக்க, வடசென்னையின் துறைமுகப் பகுதியை எடுத்துக்கொள்வோம். பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கத்து உழவர்கள் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வழியாகச் சென்னைக்குப் போகும்போது இவற்றைப் பார்த்திருப்பார்கள். முற்காலத்தில் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நின்றன. மசூலா படகுகளே அலையைக் கடந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தன. 1861இல் கடலுக்குள் நீட்டி ஓர் இறங்குதுறை கட்டப்பட்டது. கரை எவ்வளவு நீளமோ அவ்வளவே கப்பல் நிற்க இடம் உண்டு. கடலுக்குள் துறைகளை நீட்டினால் அந்த இடம் கூடும். குடற்செல்லின் நுண்ணுறிஞ்சிகளும் இப்படி நீட்டிய துறைகள்தாம்.

துறை நிற்பதற்குக் கடலடியில் தூண்கள் ஊன்றவேண்டும். ஒவ்வொரு நுண்ணுறிஞ்சிக்குள்ளும் 20 முதல் 30 ஆக்டின் இழைகள் நேராக நிற்கின்றன. வில்லின் முதலான புரதங்கள் அவற்றைக் கட்டாகச் சேர்த்துக் கட்டுகின்றன. மயோசின் வகைப் புரதம் ஒன்று அக்கட்டைச் சுற்றியுள்ள சவ்வோடு பிணைக்கிறது. அடியில் இழைகளால் பின்னிய ஒரு தளம் எல்லாவற்றையும் தாங்குகிறது. தூண் சாய்ந்தால் துறை நிற்காது. ஆக்டின் கட்டுக் குலைந்தால் நுண்ணுறிஞ்சி நிற்காது.

துறையின்மேல் பளு தூக்கிகள் இருப்பதுபோல நுண்ணுறிஞ்சியின் சவ்வில் கடத்திப் புரதங்கள் உள்ளன. பாலிலுள்ள சர்க்கரையைப் பிளக்கும் லாக்டேஸ் நொதியும் இங்கேதான் பதிந்துள்ளது. பிளந்து கிடைக்கும் குளுக்கோசை ஒரு கடத்தி உள்ளே இழுக்கிறது. இழுக்கும்போது ஒரு குளுக்கோசோடு இரண்டு சோடியம் அயனிகளையும் சேர்த்தே இழுக்கும். அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே வரும்.

துறையில் இறங்கிய சரக்கு ஊருக்குள் போகத் தண்டவாளம் வேண்டும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் துறைமுகத்தை அடுத்த இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. செல்லுக்குள் நுண்குழல்களே தண்டவாளங்கள். கொழுப்பு செல்லுக்குள் சிறு உருண்டைகளாகப் பொதியப்பட்டு மறுபக்கம் போய் நிணநீரில் சேர்கிறது. புதிய நொதிகளும் கடத்திகளும் செல்லின் உட்பகுதியில் செய்யப்பட்டு, சிறு பைகளில் ஏறி, நுண்ணுறிஞ்சிகளுக்கு வந்து சேர்கின்றன. இப்போக்குவரத்து நின்றால், வெளியே துறை இருந்தும் பளு தூக்கி இல்லாத நிலை ஏற்படும்.

இது வெறும் ஏட்டுக்கணக்கன்று. பிறந்த சில நாட்களிலேயே கடும் வயிற்றுப்போக்குக்கு ஆளாகும் சில குழந்தைகளின் குடலில் நுண்ணுறிஞ்சிகள் சரியாக அமையாமல் இருப்பது 1978இல் கண்டறியப்பட்டது. செல்லுக்குள் பைகளை இழுத்துச் செல்லும் ஒருவகை மயோசின் புரதத்தின் மரபணுக் குறையே இதற்குக் காரணம் என்பது 2008இல் தெளிவாயிற்று. ஒரேயொரு புரதம் பழுதானாலும் தாய்ப்பால்கூட உடம்பில் ஒட்டுவதில்லை.

சீம்பாலும் முதல் நாளும்

பசுவின் நோயெதிர்ப்புப் பொருள்கள் கருப்பையில் கன்றுக்குப் போவதில்லை. அவை சீம்பால் வழியாகவே கன்றுக்குக் கிடைக்கவேண்டும். பிறந்த கன்றின் குடற்செல்கள் இப்பெரிய புரதங்களைச் சிதைக்காமல் முழுதாக விழுங்கி, பைகளில் வைத்து, மறுபக்கம் கடத்தி இரத்தத்தில் சேர்க்க வல்லவை. இந்த ஆற்றல் பிறந்த நேரத்தில் மிகுதியாக இருக்கும். மணிக்கு மணி குறைந்து, சுமார் 24 மணி நேரத்தில் நின்றுவிடும்.

நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் கொடுக்கக்கூடாது என்றும், சீம்பால் கன்றுக்குக் கழிச்சல் உண்டாக்கும் என்றும் சிலர் காத்திருக்கிறார்கள். இதனால் கன்றுக்குக் கிடைக்கவேண்டிய பாதுகாப்பு கைநழுவிப் போகிறது. மறுநாள் எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது. ஆகவே கன்று பிறந்த 2 மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலை ஊட்டவேண்டும். முதல் 6 மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போய்விடுவது நல்லது. 25 கிலோ கன்றுக்கு இது இரண்டரை லிட்டர் ஆகும்.

கழிச்சலில் நடப்பது என்ன?

1881 நவம்பரில் வீசிய புயல், சென்னையில் ஏறக்குறைய முடிந்திருந்த துறைமுகச் சுவர்களைச் சிதைத்தது. கன்றுக் கழிச்சலில் குடலுக்கும் இத்தகைய நிலையே நேர்கிறது. ரோட்டா வைரஸ் குடலுறிஞ்சியின் நுனியிலுள்ள செல்களைத் தாக்குகிறது, செல்லின் சட்டகம் குலைகிறது, செல் உதிர்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் ஒருவகை, கன்று, முயல், மனிதக் குழந்தை ஆகியவற்றின் குடற்செல்லில் ஒட்டிக்கொண்டு தன் புரதங்களை ஊசிபோலச் செல்லுக்குள் செலுத்துகிறது. உடனே நுண்ணுறிஞ்சிகள் அழிகின்றன. செல்லின் ஆக்டின் இழைகளே அந்தக் கிருமி அமர்வதற்குப் பீடமாக மாறிவிடுகின்றன. வீட்டுக்காரரின் மரத்தைக் கொண்டே திருடன் பரண் கட்டிக்கொள்வது போன்றது இது.

நுண்ணுறிஞ்சி போனால் லாக்டேஸ் நொதியும் போகும். பிளவுபடாத பால்சர்க்கரை குடலில் தங்கி நீரை இழுக்கும். கழிச்சல் மேலும் கூடும். எனினும் எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் அழிவதில்லை. மிஞ்சிய செல்களில் குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்து இழுக்கும் கடத்தி வேலை செய்துகொண்டே இருக்கும். உப்பும் குளுக்கோசும் கலந்த நீர் உயிரைக் காப்பதற்கு இதுவே காரணம். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பங்காவ்ன் முகாமில் டாக்டர் திலீப் மகலனபிஸ் இந்நீரைக் கொடுத்து வயிற்றுப்போக்குச் சாவைப் பெரிதும் குறைத்தார். அவருக்கு 2023இல் மறைவுக்குப்பின் பத்மவிபூஷண் வழங்கப்பட்டது.

கன்றுக்கு இதனைக் கொடுக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. கரும்புச் சர்க்கரையைப் பிளக்கும் நொதி கன்றின் குடலில் இல்லை. வீட்டுச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தால் அது குடலிலேயே தங்கிக் கழிச்சலை மிகுதியாக்கும். எனவே குளுக்கோஸ் கலந்த உப்புத் தூளையே கரைத்துக் கொடுக்கவேண்டும். பாலை ஒரேயடியாக நிறுத்திவிடாமல், சிறுகச் சிறுகப் பலமுறை கொடுத்து, இடையிடையே இந்நீரை ஊட்டலாம். கண் குழி விழுந்து, கன்று எழுந்து நிற்கவோ சப்பவோ இயலாமல் இருந்தால் நரம்பு வழி மருந்துநீர் ஏற்றவேண்டியிருக்கும். அப்போது காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும்.

குடலுறிஞ்சியின் அடியிலுள்ள குழிகளில் புதிய செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அவை 3 முதல் 5 நாட்களில் நுனிக்கு ஏறி வந்துவிடும். அந்தச் சில நாட்கள் கன்றைத் தாங்கிப் பிடித்தால் குடல் தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும். ஆனால் அழுக்கு நீரும் ஈரத்தொழுவமும் கிருமியைத் திரும்பத் திரும்ப ஊட்டினால் சீராவதற்கு நேரம் கிடைப்பதில்லை. 1960களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் செல்வின் பேக்கரும் டாக்டர் மாத்தனும் வடார்க்காடு கிராம மக்களின் குடலை ஆராய்ந்தனர். நோய் எதுவும் தெரியாத பலரிடமும் குடலுறிஞ்சிகள் குட்டையாகவும் அகன்றும் இருந்தன. தூய குடிநீரும் கழிப்பறையும் நம் பிள்ளைகளின் வளர்ச்சிக்கு எவ்வளவு இன்றியமையாதவை என்பதற்கு இது சான்று.

கண்வலிக்கிழங்கு தரும் பாடம்

நுண்குழல்கள் குலைந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் செடி ஒன்று நம் வேலிகளிலேயே படர்கிறது. அதுவே செங்காந்தள் என்னும் கண்வலிக்கிழங்கு. தமிழ்நாட்டின் மாநில மலர் இது. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் விதைக்காகவும் கிழங்குக்காகவும் பயிராகிறது. இதிலுள்ள கால்சிசின் என்ற நஞ்சு டியூபுலின் மணிகளைப் பற்றிக்கொண்டு குழல் கட்டப்படுவதைத் தடுக்கிறது. 1967இல் டியூபுலினை முதன்முதலில் அடையாளம் கண்டதே, கால்சிசின் எதில் ஒட்டுகிறது என்று தேடியபோதுதான்.

கால்சிசின் கொடுத்த எலிகளின் குடற்செல்லில் கொழுப்பு உருண்டைகள் வெளியேற முடியாமல் தேங்கின. நுண்ணுறிஞ்சிகள் செல்லின் பக்கவாட்டிலும் அடியிலும் தாறுமாறாக முளைத்தன. கால்சிசினை மருந்தாக உண்டவர்களுக்கு வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது குறைவதை 1968இல் மருத்துவர்கள் விளக்கினர். மேலும் செல் இரண்டாகப் பிரிவதற்கும் நுண்குழல்கள் வேண்டும். அது நின்றால் குடலில் புதிய செல்கள் பிறப்பதும் நிற்கும்.

இச்செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. கிழங்கும் விதையும் மிகக் கொடியவை. உண்ட சில மணி நேரம் கழித்தே வாந்தியும் கடுங்கழிச்சலும் தொடங்கும். பொதுப் பயன்பாட்டில் இதற்கு மாற்று மருந்து இல்லை. பயிரிடுவோர் கழித்த கிழங்கையும் விதைச் சக்கையையும் ஆடுமாடு எட்டாதபடி புதைக்கவேண்டும். பிள்ளைகள் கையில் கிடைக்கும்படி வைக்கக்கூடாது.

புழுவுக்கும் குடல் உண்டு

இனி நம் ஆட்டுக் கொட்டிலுக்கு வருவோம். ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஹீமாங்கஸ் என்னும் உருளைப்புழு தங்கி இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு நாளொன்றுக்கு சுமார் 0.05 மில்லி இரத்தத்தை இழக்கச் செய்யும். ஆயிரம் புழுக்கள் இருந்தால் தினமும் 50 மில்லி போகும். கண்ணிமையின் உட்புறம் வெளுத்தும், தாடைக்குக் கீழ் நீர்கோத்தும் இருக்கும் ஆடுகளை உழவர்கள் அறிவார்கள்.

இப்புழுவுக்கும் குடல் உண்டு. அக்குடலிலும் நுண்ணுறிஞ்சிகளும் நுண்குழல்களும் உண்டு. நாம் வாங்கும் அல்பென்டசோல், பென்பென்டசோல் மருந்துகள் புழுவின் டியூபுலினைப் பற்றிக்கொள்கின்றன. 1975இல் மெபென்டசோல் கொடுத்த பன்றிகளின் குடலிலிருந்த உருளைப்புழுக்களை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். புழுக்களின் குடற்செல்லில் நுண்குழல்கள் மறைந்திருந்தன; பைகள் நகராமல் தேங்கியிருந்தன. இதனால் புழு சத்தை உறிஞ்ச முடியாமல் பட்டினியால் இறக்கிறது. இம்மருந்துகள் புழுவின் டியூபுலினில் ஒட்டும் அளவுக்குப் பாலூட்டிகளின் டியூபுலினில் ஒட்டுவதில்லை. அதனால்தான் உரிய அளவில் ஆட்டுக்குத் தீங்கில்லை. நம் பிள்ளைகளுக்குத் தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கப்படும் மாத்திரையும் அல்பென்டசோல்தான். நாடு தழுவிய இத்திட்டம் 2015இல் தொடங்கியது.

ஆனால் இன்று பல மந்தைகளில் இம்மருந்துகள் முன்போல் வேலை செய்வதில்லை. காரணம் இதுதான். டியூபுலின் புரதம் சுமார் 450 அமினோ அமிலங்களால் ஆனது. அதில் 200ஆம் இடத்திலுள்ள ஒன்றேயொன்று மாறிப் பிறந்த புழுவின்மேல் மருந்து ஒட்டுவதில்லை. மருந்து கொடுக்கும்போது மற்றப் புழுக்கள் சாகும். இவை பிழைத்து முட்டையிடும். அளவு குறைத்துக் கொடுத்தாலும், தேவையின்றி அடிக்கடி கொடுத்தாலும் இத்தகைய புழுக்களே மந்தையில் பெருகும். களைக்கொல்லிக்கு அடங்காத களை பெருகுவது போன்றதே இது. பெருகிய பின் அதே வகையில் எந்த மருந்தை வாங்கினாலும் காசு வீணாகும். பெயர் வேறானாலும் அல்பென்டசோலும் பென்பென்டசோலும் ஒரே இடத்தில் ஒட்டுபவை.

செய்யவேண்டியவை

1. ஆட்டை எடை போட்டு மருந்தின் அளவைக் கணக்கிடவேண்டும். கண்மதிப்பில் கொடுத்தால் பெரிய ஆடுகளுக்குக் குறைந்துவிடும்.

2. வெள்ளாட்டின் உடல் இம்மருந்தைச் செம்மறியைவிட விரைவாக வெளியேற்றுகிறது. செம்மறிக்குரிய அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. சரியான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

3. சினையின் முதல் மாதத்தில் அல்பென்டசோல் கொடுக்கக்கூடாது. கருவின் செல்கள் விரைந்து பிரியும் காலம் அது, கரு பழுதாகலாம்.

4. மருந்து கொடுக்கும் அன்றும், 14 நாள் கழித்தும் அதே ஆடுகளின் புழுக்கையைச் சோதிக்கவேண்டும். முட்டையின் எண்ணிக்கை 95 விழுக்காட்டுக்குக் குறைவாகவே இறங்கியிருந்தால் மருந்துக்கு அடங்காத புழு இருப்பதாகக் கொள்ளலாம். அப்போது லெவமிசோல், ஐவர்மெக்டின் போன்று புழுவின் நரம்பையும் தசையையும் தாக்கும் வேறுவகை மருந்தை மருத்துவர் தேர்ந்து தருவார்.

5. மந்தை முழுவதுக்கும் மருந்து ஊற்றுவதைவிட, கண்ணிமை வெளுத்த ஆடுகளைத் தேர்ந்து கொடுப்பது சிறந்தது. செலவும் குறையும், மருந்தின் ஆற்றலும் நெடுநாள் நிற்கும்.

6. புழுவின் இளம்பருவங்கள் பனி ஈரத்தில் புல் நுனிக்கு ஏறுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பனி உலர்ந்தபின் மேய்ச்சலுக்கு விடவேண்டும். ஏரிக்கரை, கழிமுகத்து ஈரநிலங்களில் தொடர்ந்து மேய்க்காமல் இடத்தை மாற்றி மேய்க்கவேண்டும்.

7. புதிதாகச் சந்தையில் வாங்கிய ஆட்டைத் தனியே கட்டி, சாணச் சோதனை செய்து, உரிய மருந்து கொடுத்த பின்பே மந்தையில் சேர்க்கவேண்டும். அடங்காத புழு பெரும்பாலும் விலைக்கு வாங்கிய ஆட்டோடு வந்து சேர்வதே வழக்கம்.

சாணச் சோதனை அருகிலுள்ள கால்நடை மருந்தகம் அல்லது நோய்ப் புலனாய்வுப் பிரிவில் செய்துகொள்ளலாம். வடசென்னையை ஒட்டியுள்ள உழவர்களுக்கு மாதவரத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும், வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அருகிலேயே உள்ளன. புதிதாக இட்ட புழுக்கையைக் கைப்பிடியளவு எடுத்து, காற்றுப்புகாத பையில் கட்டி, ஆட்டின் அடையாளத்தை எழுதி, அன்றே கொண்டுபோகவேண்டும். அடுத்த முறை மருந்துக் கடைக்குப் போகுமுன் இந்தச் சோதனையை முதலில் செய்துகொண்டால், ஆட்டுக்குப் போட்ட தீவனம் ஆட்டுக்கே போய்ச் சேரும்.